துக்கத்துக்கு ரசீது கேட்டவர்கள்



அலுவலகத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று போன வாரம் இரும்பு பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். பின்னால் ஒரு நீளமான கணக்கு நோட்டு விழுந்து கிடந்தது. சிவப்புத் துணி ஒட்டிய முதுகு, கரப்பான் அரித்த ஓரங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘சுனாமி நிவாரணம் - 2005’. எங்கள் பழைய கணக்கரின் கையெழுத்து. மனிதர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒரு வரிக்கு ஒரு மணியார்டர்: பெயர், ஊர், தொகை. சில வரிகளுக்கு எதிரே மணியார்டர் கூப்பனையே பசை தடவி ஒட்டியிருந்தார். ‘பேத்தி உண்டியலை உடைத்துக் கொடுத்தது.’ ‘பொங்கலுக்குப் புடவை எடுக்கவில்லை, அந்தப் பணம்.’ ‘என் பெயர் போட வேண்டாம்.’ வெள்ளையடிக்க வந்தவர்கள் சுண்ணாம்பு வாளியோடு காத்திருக்க, நான் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

நோட்டு கிடைத்த நேரமும் ஒரு நேரம்தான். அதற்கு முந்தின வாரம்தான் நீண்ட நாள் வாசகர் ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருந்தார். வெள்ளம், புயல், தீ விபத்து என்றால் மற்ற பத்திரிகைகள் நிதி திரட்டுகின்றன, நம் பத்திரிகை மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. அந்த நோட்டை மூடியதிலிருந்து நாங்கள் யாரிடமும் நிவாரணப் பணம் கேட்டதில்லை. யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு பைசா சுத்தம். ஒரு அம்மா கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லாமல் போனதுதான் காரணம். அதைச் சொல்வதற்கு முன்னால் வேறொரு ஊரின் கதையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதையைப் படித்த பிறகுதான் அந்த அம்மா கேட்டது எனக்கு முழுதாக உறைத்தது.

தெற்கு வேல்ஸில் மெர்த்திர் டிட்வில் நகரத்துக்குப் பக்கத்தில் அபர்வான் என்று ஒரு சுரங்கத் தொழிலாளர் ஊர். கீழே வரிசை வரிசையாய் வீடுகள், மேலே மலை. மலையின் மேல் நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய குன்றுகள். நெய்வேலிப் பக்கம் போனவர்கள் சுரங்க மண்மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதை ஊரின் தலைக்கு மேலே வைத்துப் பாருங்கள். ஏழாவது குன்றை 1958-ல் கொட்ட ஆரம்பித்தார்கள், நீர் ஊற்றுகளின் மேலேயே. அந்த ஊற்றுகள் அரசாங்க வரைபடத்திலேயே குறித்திருந்தன. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று 1963-ல் நகராட்சித் தரப்பிலிருந்து கடிதமே போயிருந்தது. கடிதம் கோப்புக்குள் போனது, கழிவு வழக்கம்போல் மலைக்குப் போனது.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் பள்ளி முடிந்தால் பிள்ளைகளுக்கு ஒரு வார விடுமுறை. காலை ஒன்பதேகால் மணி அளவில், ஊற்றும் மழையும் ஊறி இளகிப்போன அந்தக் குன்று சரிந்து பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியின் மேலும் பக்கத்து வீடுகளின் மேலும் இறங்கியது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள், பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து வயதுக்குள். சுரங்கத்துக்குள் வேலையில் இருந்த அப்பாக்கள் மேலேறி வந்து தோண்டினார்கள். பதினோரு மணிக்குப் பிறகு ஒருவரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த நமக்கு இந்த எண்ணிக்கையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மெர்த்திர் மேயர் அன்றே நிவாரண நிதியை அறிவித்தார். பணம் கொட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 90,000 நன்கொடைகள். எல்லாம் சேர்ந்து 17.5 லட்சம் பவுண்டு. அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 21 ரூபாய். அப்படியானால் மூன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். 1966-ல் மூன்றரைக் கோடி என்றால் என்னவென்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பணத்தை யார் கையில் வைத்துக்கொள்வது? முதலில் நகராட்சி ஆட்களே குழுவில் உட்கார்ந்தார்கள். பிள்ளையைப் புதைத்தவர்களுக்கு அதில் இடமில்லை. பெற்றோர்களும் ஊர்க்காரர்களும் சங்கம் வைத்துக் குரல் எழுப்பிய பிறகுதான் அபர்வான்காரர்களுக்கு நாற்காலி போட்டார்கள். சட்டென்று குற்றம் சொல்லிவிடவும் முடியாது. இவ்வளவு பெரிய தொகையை ஆளத் தெரிந்தவர்கள் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், தணிக்கை வேண்டும். ஆனால் எழவு விழுந்த வீட்டுக்குப் பந்தல் போட வந்தவர்கள் வீட்டுக்காரர்களையே வாசலில் நிறுத்திவைத்தால் எப்படி இருக்கும்?

அடுத்து, யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி. பிள்ளையை இழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,000 பவுண்டு கொடுப்பது என்று நிதியை நிர்வகித்தவர்கள் யோசித்தார்கள். அங்கே சட்டம் குறுக்கே வந்தது. பிரிட்டிஷ் சட்டப்படி அறநிதி என்றால் இல்லாதவருக்கு, தேவைப்படுபவருக்குக் கொடுப்பது. எட்டு வயதுப் பிள்ளை சம்பாதிக்கவில்லை. அது போனதால் வீட்டு வருமானம் குறையவில்லை. பிறகு இவர்களுக்கு என்ன தேவை? கேட்கக் கூசுகிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் போனது. சுரங்கத்தை நடத்திய தேசிய நிலக்கரி வாரியமும் இதே கணக்கைத்தான் போட்டது. ஒரு பிள்ளைக்கு 50 பவுண்டு என்று பேச்சைத் தொடங்கி, பிறகு 500 பவுண்டில் வந்து நின்றது. அதையும் தாராளம் என்றே சொல்லிக்கொண்டது.

அறநிதிகளை மேற்பார்வை பார்க்கும் ஆணையம் ஒரு வழி சொன்னது. எல்லோருக்கும் ஒரே தொகை என்று கொடுக்கக் கூடாது, ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும், பெற்றோர் அந்தப் பிள்ளையிடம் எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்று கேட்டறிய வேண்டும், நெருக்கமாக இல்லாதவர்களுக்குப் பணம் கிடையாது.

இந்த இடத்தில் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். ஆணையத்தில் அந்த யோசனையை எழுதியவர் கொடுமைக்காரராக இருந்திருக்க மாட்டார். கொடுத்தவர்களின் பணம் சட்டத்துக்குப் புறம்பாகப் போய்விடக் கூடாதே என்ற கவலையோடு, ஒழுங்காக வேலைக்கு வந்து ஒழுங்காக வீட்டுக்குப் போன ஒருவராகத்தான் இருந்திருப்பார். எனக்குப் பயமாக இருந்தது அதனால்தான். அவருடைய இடத்தில் என்னை வைத்துப் பார்ப்பது சிரமமாகவே இல்லை.

கடைசியில் நிதியை நிர்வகித்தவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. குடும்பத்துக்கு 5,000 பவுண்டு போய்ச் சேர்ந்தது.

விசாரணை தனியாக நடந்தது. நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் 76 நாள். 1967 ஆகஸ்டில் வந்த அறிக்கை நிலக்கரி வாரியத்தின் மேல்தான் பழி என்று தெளிவாகச் சொன்னது. வேலையிலிருந்து ஒருவரும் நீக்கப்படவில்லை. ஒருவர் மேலும் வழக்கு இல்லை. வாரியத் தலைவர் ராபன்ஸ் பிரபு ராஜிநாமா செய்வதாகச் சொன்னார், அரசு வேண்டாம் என்றது. இதெல்லாம் நமக்குப் பழக்கமான காட்சிதான், தாண்டிப் போவோம்.

தாண்டிப் போக முடியாதது ஒன்று உண்டு. மற்ற குன்றுகள் அப்படியே நின்றன. ஒவ்வொரு நாளும் விடிந்தால் அந்தக் கரி மேட்டைப் பார்த்துத்தான் அந்தத் தாய்மார்கள் கதவைத் திறக்க வேண்டும். மழை பெய்தால் தூக்கம் கிடையாது. எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். ஆபத்தில்லை, செலவு அதிகம் என்று பதில் வந்தது. 1968-ல் பொறுமை இழந்த ஊர்க்காரர்கள் கார்டிஃப் நகருக்குப் போய், வேல்ஸ் அமைச்சக அலுவலகத்துக்குள் அந்தச் சேற்றுக் கழிவையே கொண்டுபோய்ப் போட்டார்கள். அதன் பிறகு அரசு இறங்கி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: குன்றை அகற்றும் செலவில் ஒரு பங்கை நிவாரண நிதி கொடுக்க வேண்டும். ஒன்றரை லட்சம் பவுண்டு.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். குன்றைக் கொட்டியது வாரியம். அதில் புதைந்தது பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்காக உலகம் கொடுத்த பணத்திலிருந்து வாரியத்தின் குப்பையை அள்ளக் கூலி. உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர் எஸ்.ஓ. டேவிஸ் இதை எதிர்த்தார், நிதியின் குழுவிலிருந்தே விலகினார். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் பணத்தைக் கொடுத்தார்கள். குன்று போனால் போதும் என்ற நிலை. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் எவ்வளவு நெருக்கம் என்று அளக்கப் புறப்பட்ட ஆணையம் இதைத் தடுக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் இயன் மெக்லீன் போன்றவர்கள் பழைய அரசுக் கோப்புகளைத் தோண்டி, இந்தக் கதை முழுவதையும் பிறகு வெளியே கொண்டுவந்தார்கள். 1997-ல் வேல்ஸ் அமைச்சராக இருந்த ரான் டேவிஸ் அந்த ஒன்றரை லட்சம் பவுண்டைத் திருப்பிக் கொடுத்தார். வட்டி கிடையாது. 29 வருடத்தில் அந்தத் தொகையின் மதிப்பு எங்கே போய்விட்டது என்பது வட்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும். 2007-ல்தான் வேல்ஸ் அரசு நினைவு அறக்கட்டளைக்கு 15 லட்சம் பவுண்டும், கல்விக்கான அறக்கட்டளைக்கு 5 லட்சம் பவுண்டும் கொடுத்துக் கடனைத் தீர்த்தது. அதற்குள் பல பெற்றோர், பிள்ளைகளின் பக்கத்திலேயே போய்ப் படுத்துவிட்டார்கள்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தின் வெள்ளை வளைவுகள் மலைச்சரிவில் வெகு தூரத்திலிருந்தே தெரியும். அதைக் கட்டியது இந்த நிதிதான். பள்ளி இருந்த இடத்தில் நினைவுத் தோட்டம், ஊருக்கு ஒரு சமூகக் கூடம், இவையும் இந்தப் பணத்தில் வந்தவையே. அன்று உயிர் தப்பிய பிள்ளைகளை, அவர்கள் நடுத்தர வயதுக்கு வந்த பிறகு, 33 வருடம் கழித்து மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்த அதிர்ச்சியால் வந்த மனநோயை வாழ்க்கையில் எப்போதாவது அனுபவித்திருந்தார்கள். நாம் என்ன செய்கிறோம்? பதினாறாம் நாள் காரியத்தோடு மறந்துவிடுகிறோம். நிவாரண நிதி ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டால் ‘விரைவாகச் செலவழித்தோம்’ என்று பெருமைப்படுகிறோம்.

சட்டப்படி நடந்தும் மனிதத்தன்மையோடு பகிர முடியாதா? முடியும். அமெரிக்காவில் கென்னத் ஃபைன்பெர்க் என்று ஒரு வழக்கறிஞர். துயர நிதி என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அரசாங்கத்தின் ஈட்டுத்தொகையைப் பகிர்ந்தவர். செத்தவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று கணக்குப் போட வேண்டும் என்பது அந்தச் சட்டம். பங்குச்சந்தைக்காரருக்கு ஒரு விலை, பாத்திரம் கழுவியவருக்கு ஒரு விலை. எல்லோருக்கும் சமமாகக் கொடுத்திருக்க வேண்டும் என்று பிறகு அவரே எழுதினார். 2013-ல் பாஸ்டன் மராத்தான் குண்டுவெடிப்புக்கு மக்கள் கொடுத்த சுமார் 6 கோடி டாலரைப் பகிரும்போது விதியை எளிமையாக்கினார். உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கும் இரண்டு கால்களை இழந்தவர்களுக்கும் ஒரே உச்சத் தொகை. காயம்பட்ட மற்றவர்களில் பலருக்கு, எத்தனை ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள் என்பதே அளவு. முரட்டுக் கணக்குதான். வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்பதை அது எண்ணாது. ஆனால் யாரும் யாரிடமும் போய்த் தன் பாசத்தை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி எங்கள் நோட்டுக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அரசுக் கணக்கில் ஆறாயிரத்துக்கு மேல் உயிர்கள். ஜனவரியில் அங்கே போனபோது முதலில் கண்ணில் பட்டது சாலையோரம் குவிந்து கிடந்த பழைய துணி. லாரி லாரியாக வந்து இறங்கியது. அதில் கம்பளிக் கோட்டு இருந்தது, கிழிந்த பாவாடை இருந்தது. ஒரு மீனவப் பெண் அதைத் தாண்டிப் போகும்போது முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு போனார். வலை போட்டுச் சம்பாதித்து நல்ல சேலை கட்டியவர்கள் அவர்கள். பிச்சைக்கு நின்றவர்கள் அல்ல.

குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. வந்த உதவியைப் பொதுவில் வைத்து, வரி கட்டும் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். படகு போனவனுக்கும் போகாதவனுக்கும் ஒரே பங்கா என்று வெளியிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் முகம் சுளித்தோம். அதில் ஒரு ஞானம் இருப்பது எனக்கு அப்போது தெரியவில்லை. நாளைக்கும் ஒரே கரையில் வலை இழுக்க வேண்டியவர்களுக்குள் பொறாமை வரக் கூடாதே! ஆனால் அந்தக் கணக்கிலும் ஓட்டை இருந்தது. வரி என்பது ஆணின் பெயரில் இருப்பது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் பல இடங்களில் கணக்குக்கு வெளியே நின்றாள். கரைக்குப் பின்னால் குடியிருந்த தலித் மக்களும், உப்பு ஏறிய வயலைப் பார்த்துக்கொண்டிருந்த கூலிக்காரர்களும் அப்படியே.

நாங்கள் புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைத்தோம். ஒரு குப்பத்தைத் தேர்ந்துகொண்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு மட்டும் நேரடியாகக் கொடுப்பது. தவறான ஆளுக்குப் போய்விடக் கூடாது என்று ஒரு படிவம் அச்சடித்தோம். இரண்டு பக்கம். இறப்புச் சான்றிதழ் நகல், ரேஷன் கார்டு நகல், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து. நடுவில் ஒரு கட்டம்: ‘இறந்தவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு, அதற்கான ஆதாரம்.’ அந்தக் கட்டத்தை எழுதியது நான்.

கோயில் திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். மகளின் மகனைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர். மகள் வெளியூரில். பையன் பெயர் பாட்டியின் ரேஷன் கார்டில் இல்லை, அந்தக் கார்டும் இல்லை, அது இருந்த வீடும் இல்லை. நான் பொறுமையாக, மரியாதையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் சொன்னார்:

“ஏன் தம்பி, அவன் எம் புள்ளதான்னு யாருகிட்ட கையெழுத்து வாங்கியாரச் சொல்ற? கடல்கிட்டயா?”

சத்தம் போடவில்லை. முகவரி கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, “விதி அப்படிம்மா” என்றேன். விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர் எதை எடுத்துக்கொண்டாரோ தெரியாது, எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு சான்றிதழ் வாங்கித் தர நாங்களே அலைந்தோம். மூன்று மாதம் ஆயிற்று. பணத்தோடு போனபோது அவர் தற்காலிகக் குடியிருப்பில் இல்லை. மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை போய் விசாரித்தோம். அப்புறம் இதழ் வேலை வந்தது, மழை வந்தது, நோட்டு பீரோவின் மேலே போனது.

கோபப்பட்ட வாசக நண்பருக்கு இதுதான் என் பதில். இப்போதைக்கு நாங்கள் நிதி திரட்டப் போவதில்லை. என்றைக்காவது திரட்டினால், குழுவில் பாதிப் பேர் இழந்தவர்களாக இருப்பார்கள். அந்த இரண்டு பக்கப் படிவம் இருக்காது. யாரோ ஒருவரின் அலட்சியத்தால் வந்த சேதத்தைச் சரிசெய்ய அதிலிருந்து ஒரு ரூபாய் போகாது. அது அவர் சட்டைப் பையிலிருந்து வர வேண்டும். உங்கள் ஊரில் யாராவது நிதி திரட்டினால் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது, கணக்கை எப்போது வெளியிடுவீர்கள் என்பதோடு, பாதிக்கப்பட்டவர்களில் யார் குழுவில் இருக்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு சந்தேகம் சொல்ல வேண்டும். படிவமே இல்லாமல் கொடுத்தால் ஏமாற்றுக்காரர்கள் வரமாட்டார்களா? வருவார்கள். பத்துப் பேரில் ஒருவன் வரட்டும். மீதி ஒன்பது பேரைக் கூண்டில் ஏற்றாமல் இருப்பதற்கு அந்தச் செலவு எனக்குச் சம்மதம். எங்கள் பழைய கணக்கர் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார், அதுவும் எனக்குத் தெரியும்.

நோட்டின் கடைசி வரியில் அந்த அம்மாவின் பெயர் இருக்கிறது. எதிரே தொகை. அதற்கு எதிரே சிவப்பு மையில் ‘பட்டுவாடா ஆகவில்லை’. வங்கியில் விசாரித்தோம். அந்தச் சேமிப்புக் கணக்கு இயங்காக் கணக்காக உறங்குகிறது, பணம் வட்டியோடு இருக்கிறது. பெயரையும் குப்பத்தையும் இங்கே அச்சிடப் போவதில்லை. நாகைப் பக்கத்து வாசகர்களே, மகளின் மகனை வளர்த்துச் சுனாமியில் பறிகொடுத்து, பிறகு மகளோடு ஊரைவிட்டுப் போன ஓர் அம்மாவை உங்களுக்குத் தெரியும் என்றால் ஒரு கார்டு போடுங்கள். அவர் இல்லையென்றால் அவர் மகளாவது இருப்பார். நானே வருகிறேன், படிவம் எதுவும் கொண்டுவர மாட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்